தையல் வகுப்பில் என் வீட்டுக்காரர்

பிப்ரவரி 9

என் தம்பி பெண்டாட்டிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

உன் தெருமுனை மருந்துக் கடைக்காரி என் பழைய ஃபேக்டரித் தோழியின் மருமகள் என்பதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. செவ்வாய், வியாழன் ஆனால் சாயங்காலம் தலையைச் சீவிக்கொண்டு, ஒரு பையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிக் கிளம்பிவிடுகிறாயாம். எங்கே என்று கேட்டதற்கு எம்ப்ராய்டரி வகுப்பு என்றாயாம். என் தம்பி போய் இன்னும் அரை வருஷம் ஆகவில்லை. அதற்குள் உனக்குத் தலையணை உறையில் பூ கேட்கிறதோ?

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. டாக்டர் கூடாது என்றிருக்கிறார். அதனால் கடிதம்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவனை வளர்த்தவள் நான். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை நான் மறப்பேன் என்று நினைக்காதே. மன்னிக்கிற ஆளும் நான் இல்லை.

அது என்ன வகுப்பு, யார் நடத்துகிறார்கள், யார் யார் வருகிறார்கள் என்று விவரமாக எழுது. உன் மேல் அக்கறையில் கேட்கவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நாத்தனார்

பி.கு. எம்ப்ராய்டரியில் முடிச்சுப் போடாதே. நூல் நுனியைத் தையலுக்குள்ளேயே நுழைத்து மறைக்க வேண்டும். ஆயத்த ஆடை ஃபேக்டரியில் செக்கிங் மேஜைக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். முடிச்சுப் போடுகிறவளை வாசலோடு திருப்பி அனுப்புவேன்.


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவுக்காகப் போகவில்லை அண்ணி. சாயங்காலம் ஆனால் அவர் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்கும். இப்போது கேட்பதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் காது வாசலிலேயே போய் நிற்கிறது. காதுக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்றுதான் போனேன்.

நூலகத்துக்குப் பின்னால் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. நான் சேர்ந்தது கைத்தையலுக்கு. தையலுக்கு ஆள் போதவில்லை. கதை எழுதச் சொல்லித்தருகிற வகுப்புக்கும் ஆள் போதவில்லை. மேனேஜர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டார். முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் தைக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் எல்லாரும் எழுத வேண்டும். தைக்க வந்தவர்கள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறோம். எழுத வந்தவர்கள் விரலில் குத்திக்கொண்டு கத்துகிறார்கள்.

தையலுக்கு இருப்பவரை ஊசி டீச்சர் என்கிறோம். குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். அதனால் அவர் திட்டுவது பாதிதான் வெளியே வரும். எழுத்துச் சார் சின்ன வயசுக்காரர். அவருக்குத் திட்டவே தெரியாது. எதை எழுதிக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். என் பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்காருகிறாள். பெரிய குரல். எதிரில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. அவர் கொலைக் கதை எழுதுகிறார். வகுப்புக்கு ஒரு ஆளைக் கொல்கிறார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வாரம் சார், "உங்க வீட்டுல உங்களைப் பாடாப் படுத்தறவர் ஒருத்தரைப் பத்தி எழுதுங்க" என்றார். என் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவரைப் பற்றித்தான் எழுதினேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு எந்த லிஃப்டிலும் ஏற மாட்டார், எத்தனை மாடியானாலும் படிதான், கேட்டால் "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்பார் என்று எழுதினேன். நான் உட்கார்ந்திருக்கிற அறையிலேயே லைட்டை அணைத்துவிட்டுப் போவார், "ஆள் இருக்கேன்" என்று கத்தினால் "சத்தத்தையே காணோமே" என்பார் என்று எழுதினேன். பஸ்ஸில் போனால் வழியில் வரும் போர்டை எல்லாம் உரக்கப் படிப்பது, குடையைத் தொலைப்பது, எல்லாம் எழுதினேன்.

சார் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அண்ணி, எல்லாரும் அப்படிச் சிரித்தார்கள். ஊசி டீச்சர் குண்டூசியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

நர்ஸ், "ஐயோ அக்கா, இந்த மனுஷனோட எப்படித்தான் குடித்தனம் பண்றீங்க?" என்று கேட்டாள்.

நான், "பழகிப்போச்சு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் கேட்டாலும் அதைத்தானே எப்போதும் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் எல்லாரும் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 27

என் தம்பி பெண்டாட்டிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை இன்னும் கூடுதலாக வந்தது.

போய்ச் சேர்ந்தவனை இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய். "நான் சொல்லல, அவங்களா நினைச்சுக்கிட்டாங்க" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டே காரியம் சாதிக்கிறவள் நீ.

அதுகூடப் பரவாயில்லை. என் தம்பியை வைத்து ஒரு அறையே சிரித்திருக்கிறது. யார் அந்த நர்ஸ்? எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாய் என்று கேட்க அவள் யார்? அவள் வீட்டுக்காரனைக் கூட்டிவரச் சொல், லட்சணத்தை நான் பார்க்கிறேன். லைட்டை அணைப்பது அவன் தப்பு இல்லை. எங்கள் அப்பா அப்படி வளர்த்தார். நானும்தான் அணைப்பேன். உன்னால் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. "குடையைத் தொலைப்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே. அது என்ன சொல்கிற லட்சணம்? கேள். அவனுக்கு ஒன்பது வயசு இருக்கும். முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் என் குடையை விட்டுவிட்டு வந்தான். நல்ல குடை, என் முதல் சம்பளத்தில் வாங்கினது. "போய் எடுத்துட்டு வாடா" என்று விரட்டினேன். ஒரு குடையோடு வந்தான். பார்த்தால் அது நம்முடையது இல்லை. "யாருதுடா இது?" என்றால், "தெரியல, ஆனா நம்மளதைவிட நல்லா இருந்துச்சுக்கா" என்கிறான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று மறுபடி விரட்டினேன். கொட்டுகிற மழையில் தெப்பமாக நனைந்து வந்து நிற்கிறான். இந்தக் குடையும் இல்லை, அந்தக் குடையும் இல்லை, ஒரு காலில் செருப்பும் இல்லை. செருப்பு எங்கேடா என்றால், "குடைக்காரங்க கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அவசரமா வந்தேனா, ஒண்ணு அங்கேயே நின்னுடுச்சு" என்கிறான்.

இப்படிச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் சொல்லாதே.

அடுத்த வகுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடு. இது உத்தரவு.

நாத்தனார்


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே நுழைந்ததும் குமாஸ்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. எங்க வக்கீல் ரொம்ப நல்லவர். உங்க மாதிரி கேஸ்லாம் நிறையப் பாத்திருக்கார். நீங்க ம்னு சொன்னீங்கன்னா மனு நானே எழுதித் தர்றேன்" என்றார். என்ன மனு என்றேன். "தனியாப் போறதுக்குத்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் ஏற்கனவே தனியாகத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதற்கு எந்தக் கோர்ட்டில் மனுக் கொடுப்பது என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் நர்ஸ் குறுக்கே வந்து, "அதெல்லாம் வேணாம். ஒரு மாசம் உங்க நாத்தனார் வீட்டுக்கு அனுப்பி வைங்க, தானா வழிக்கு வருவார்" என்றாள்.

தையல் முடிந்து எழுதுகிற நேரம் வந்தது. எழுந்து நின்றேன். "உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். சார் முகம் மலர்ந்து, "இந்த வாரம் என்ன பண்ணினார்?" என்றார். எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். குமாஸ்தா, "நான் வாரத்துக்கு ரெண்டு பேரைக் கொல்றேன்மா, உங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டாத்தான் மனசு லேசாகுது" என்றார். இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்?

உங்கள் குடைக் கதையைச் சொல்லிவிட்டேன். போன வாரம் நடந்த மாதிரி, பல் டாக்டரிடம் போன இடத்தில் தொலைத்த மாதிரி சொன்னேன். செருப்பைச் சொல்ல மறந்துவிட்டேன். நர்ஸ் சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி, ஒன்று சொன்னால் திட்டுவீர்கள். வகுப்பு முடிந்து வருகிற வழியில் நான் வேகமாக நடந்தேன். இன்றைக்கு இத்தனை பேர் உங்களை நினைத்துச் சிரித்தார்கள் என்று அவரிடம் சொன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பூட்டில் சாவியைப் போடும்போதுதான் நினைவு வந்தது.

அந்த அறையில் நான் இருக்கும்போது மட்டும் அவர் வீட்டில் இருக்கிறார். நான்தான் வெளியே வந்திருக்கிறேன்.

நான் தைத்த கைக்குட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். முடிச்சுப் போடவில்லை.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 17

உனக்கு,

கைக்குட்டை கிடைத்தது. திருப்பிப் பார்த்தேன். எப்போதும் பின்பக்கம்தான் பார்க்க வேண்டும், முன்பக்கம் எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். குறை உள்ள இடங்களில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஃபேக்டரியில் செக்கிங்குக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர். ஓய்வு பெற்று வரும்போது ஒரு கட்டு கூடவே வந்துவிட்டது. கைக்குட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, அம்புதான் தெரிகிறது என்று வருத்தப்படாதே. பழகப் பழகக் குறையும்.

உன் கடிதத்திலும் நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறேன். அதையும் இதோடு வைத்திருக்கிறேன், பார்.

முதல் அம்பு: பல் டாக்டர். பல் டாக்டரிடம் போகிறவன் வலியில் குடையை மறப்பது இயல்புதானே, அதில் என்ன சிரிப்பு இருக்கிறது? முடிவெட்டுகிற கடைதான் சரி. இரண்டாவது அம்பு: செருப்பை விட்டுவிட்டாய். கதையே செருப்புதானடி! மூன்றாவது அம்பு என் கதையை என்னிடம் கேட்காமல் எடுத்ததற்கு.

நாலாவது அம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். "பூட்டில் சாவியைப் போடும்போதுதான் நினைவு வந்தது" என்று எழுதியிருக்கிறாய். அது குறைக்கு ஒட்டினதில்லை. கை தானாக ஒட்டிவிட்டது. எடுத்தால் தாள் கிழியும் போல இருந்தது, விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லச் சொன்னேன், நீ சொல்லவில்லை. இரண்டு வாரம் போகட்டும். அதற்குள் அவனைப் பற்றி நல்லதாகவும் நாலு சொல்லிவை. தெருநாய்க்குக் காலில் அடிபட்டபோது வேலைக்குப் போகாமல் தூக்கிக்கொண்டு ஓடினானே, அதைச் சொல். அது அவனைக் கடித்ததையும் சொல்லலாம். கடித்த பிறகும் அதைக் கீழே போடாமல் "கடிக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கு" என்று சந்தோஷப்பட்டதை மறக்காமல் சொல்.

அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று எழுது.

நாத்தனார்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நாய் கடித்த இடத்தில் சிரித்தார்கள். தெம்பு இருக்கு என்ற இடத்தில் ஊசி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் மட்டும், "ஊசி போட்டுக்கிட்டாரா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று பிடித்துக்கொண்டாள். போட்டுக்கொண்டார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா? யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்க்க உள்ளே கால் வைத்தாராம், கதவு மூடிக்கொண்டதாம். நடுவழியில் நின்றுவிட்டதாம். உள்ளே ஆபத்துக்குக் கூப்பிடுகிற பட்டன் இருக்கும் இல்லையா? அதை அழுத்தினால் மெக்கானிக்குக்குப் போன் போகும். அழுத்தியிருக்கிறார். இவர் சட்டைப்பையில் போன் அடித்திருக்கிறது. இவர் அதை எடுத்து, "ஹலோ, பயப்படாதீங்க, எந்த மாடியில மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். லிஃப்ட் ஸ்பீக்கரில் அவர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்டிருக்கிறது. அப்புறம், "ஆள் அனுப்பறோம்" என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டாராம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் படிக்கட்டு.

குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்துவிட்டார். அடி இல்லை.

இப்போது வம்பு என்னவென்றால், இந்த மாதக் கடைசி வியாழக்கிழமையோடு வகுப்பு முடிகிறது. அன்றைக்குத் தைத்ததை எல்லாம் மேஜையில் பரப்பி வைப்பார்கள், எழுதியதை வாசிப்பார்கள். வீட்டு ஆட்களை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர்கூட என்னிடம் வந்து, "மத்தவங்க வரலேன்னாலும் பரவாயில்லை, உங்க வீட்டுக்காரர் கட்டாயம் வரணும்" என்கிறார். ஊசி டீச்சர் சொல்லி, எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பரிசு செய்கிறார்கள். கறுப்புக் குடை. துணியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒருத்தர் எம்ப்ராய்டரி போடுகிறார்கள், தொலைத்தாலும் திரும்பி வருவதற்கு. குமாஸ்தா தன் பட்டையில் "இதை எடுத்தவர் சட்டப்படி திருப்பித் தரக் கடமைப்பட்டவர்" என்று தைக்கிறார். விரலெல்லாம் பிளாஸ்திரி. நர்ஸ் "மறுபடியும் மறந்தாச்சா?" என்று சிவப்பு நூலில் போட்டிருக்கிறாள். எனக்கும் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபோதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 8

உனக்கு,

முதலில் அந்த ஊசி டீச்சரிடம் கேள். குடைத் துணியில் ஊசியை விட்டால் ஒவ்வொரு குத்திலும் தண்ணீர் ஒழுகாதா? மழைக்குப் பிடித்தால் தலையில் சல்லடை போட்ட மாதிரி இருக்கும். இதுகூடத் தெரியாமல் என்ன டீச்சர்?

லிஃப்ட் போன் கதை எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவே இல்லை. அக்கா சிரிப்பாள் என்று பயந்திருப்பான். நான் சிரித்தேன். கீழ்வீட்டுக்காரி ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அவளை அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டியதாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த நர்ஸ் உருப்படியாக ஒன்று சொன்னாள், நாத்தனார் வீட்டுக்கு அனுப்பு என்று. அவன் இங்கே வந்துவிட்டான் என்று சொல். நம்ப மாட்டார்கள் என்றுதான் தனியாக ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அதை வகுப்பில் வாசி. கடைசி மூன்று வரியை மட்டும் வாசிக்காதே. எழுதிக்கொண்டே வந்ததில் அதுவும் வந்துவிட்டது.

நாத்தனார்

(தனித்தாள்)

வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும்,

நான் இவளுடைய நாத்தனார். என் தம்பி ஒரு வாரமாக இங்கே என் வீட்டில்தான் இருக்கிறான். நீங்கள் குடை தைப்பதாகக் கேள்விப்பட்டேன். ரயிலில் இருந்து இறங்கும்போதே ஒரு குடையை விட்டுவிட்டுத்தான் இறங்கினான். ஆகவே சீக்கிரம் தைக்கவும்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. நான் மூட்டு வலிக்காரி, லிஃப்டில் போகிறேன். அவன் படியில் ஏறுகிறான். எங்கள் லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்று குசலம் விசாரித்துக்கொண்டுதான் போகும். நான் போய்ச் சேரும்போது அவன் வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "பாத்தியாக்கா?" என்கிறான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போது லைட்டை அணைக்கிறான். அவன் சாப்பிடும்போது நான் அணைக்கிறேன். டிவியில் செய்தி வாசிக்கிறவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று எழுந்து நின்று சண்டை போடுகிறான். குழாயைச் சரி செய்கிறேன் என்றான். ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, இப்போது இரண்டு ஒழுகுகிறது. "நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னால் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.

மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறான்.

நேற்று மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான்.
என்ன பேசினோம் என்று எழுத முடியாது, அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும்.
நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை.


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

தாளை வாசித்தேன். குழாய்க்கும் வாளிக்கும் நல்ல சிரிப்பு. லிஃப்ட் குசலம் விசாரிக்கிறது என்ற இடத்தில் சார் கண்ணைத் திறந்து, "யார் இவங்க? வகுப்புல சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். நீங்கள் சொன்னபடி கடைசி மூன்று வரியை வாசிக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முடிந்ததும் நர்ஸ் என் கையைப் பிடித்து, "ஆனா கடைசி நாளுக்கு வந்துடுவார்ல?" என்றாள். குமாஸ்தா, "வராம என்ன? நான் ஸ்டேஷனுக்கே போய்க் கூட்டிட்டு வர்றேன். குடையோட ஏறின ஆள் குடையில்லாம இறங்கினா அடையாளம் தெரிஞ்சுடும்" என்றார். குடை தைத்து முடியப் போகிறது. ஒழுகும் என்று நீங்கள் சொன்னதை ஊசி டீச்சரிடம் சொன்னேன். அவர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தெரியும்மா. உங்க வீட்டுக்காரர் மழை வர்றதுக்குள்ள தொலைச்சுடுவார்னு ஒரு நம்பிக்கைதான்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நான் வேகமாக நடக்கவில்லை அண்ணி. அவர் வீட்டில் இல்லை, உங்களிடம் இருக்கிறார் என்று தோன்றியது. நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். இத்தனை பேர் விரலைக் குத்திக்கொண்டு தைக்கிறார்கள். நான் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு பொய்யாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கே இது பிடிக்காது. தான் வாங்கிக்கொள்ள முடியாத பொருளுக்காக யாராவது சிரமப்பட்டால் அவருக்குப் பொறுக்காது.

சொல்லிவிடப் போகிறேன். கடைசி வியாழக்கிழமை, எழுதியதை வாசிக்கிறபோது. இந்தத் தடவை நிச்சயம்.

உங்களிடம் இதுவரை எழுதாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவர்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார். "அக்காகிட்ட இப்பச் சொல்லாதே. அவ வந்தா டாக்டரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாப்பா. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவேன், வந்து நானே சொல்லிக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நம்பினேன். உங்களிடம் இதைச் சொன்னால், கடைசியில் அவன்தான் என்னை வேண்டாமென்றானா என்று நினைத்துக்கொள்வீர்களோ என்று பயந்து சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திட்டுவது அதைவிட நல்லது என்று இருந்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார்.

இந்தத் தடவை அவரைக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் தையலைப் பார்ப்பார்கள். எல்லாரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நர்ஸ் திட்டுவாள். குமாஸ்தா சிரிப்பார். ஏழு மணிக்கு என் முறை வரும். அது வரைக்கும் அவர் இருப்பார்.

அதற்கு முன்னால் வந்து பார்த்துவிடுங்கள் அண்ணி.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து, படித்து, ஒரு நாள் முழுக்கக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுக்காரி ரத்தக்கொதிப்பு என்று நினைத்து டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். அவரை நான் திருப்பிப் போட்டெல்லாம் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் மட்டும் ஒரு அம்பு ஒட்டினேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். புதன்கிழமை காலையிலேயே வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், அந்தக் குமாஸ்தா முக்கியமாக வர வேண்டாம். புதன்கிழமை முழுக்க நீ எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிற மற்றதை எல்லாம் சொல்ல வேண்டும். லிஃப்ட் மாதிரி இன்னும் இருக்கும். எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை என்னை அந்த நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார வை. அவள் அவனைத் திட்டுகிற ஒரு மணி நேரமும் நான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுச் சண்டையும் போட்டு முடித்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. போன தடவை நான் வந்தபோது, உன் வீட்டு வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்புதான் கழன்றிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்றுகூடத் தெரியாது, குனிந்திருந்தேன். இன்னொரு செருப்போடேயே உள்ளே வந்தேன்.

இந்தத் தடவை அப்படி வேண்டாம். நான் உள்ளே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறேன். ஏழு மணிக்கு நீ எழுந்து நின்றதும் என் பக்கம் பார். நான் தலையாட்டுவேன்.

அதற்கப்புறம் சொல்லு.

அண்ணி